பெர்னடீனுக்குத் திருப்தி

என் தொழில் வில்லங்கம் பார்ப்பது. யாராவது வீடு வாங்கப் போனால், அந்த வீட்டின் மேல் பழைய அடமானம், வழக்கு, பங்காளிச் சண்டை ஏதாவது தொங்குகிறதா என்று கோர்ட்டில் உட்கார்ந்து புத்தகம் புத்தகமாகப் புரட்டி வக்கீலுக்கு எழுதிக் கொடுப்பேன். பிளாக் ரிட்ஜ் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்டக் கோர்ட்டில் எந்த நாற்காலி ஆடும், எந்தக் கிளார்க்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வள்ளென்று விழுவார் என்பது வரை எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட நானே லியோனாவின் பெயரில் இருந்த ஒரே ஒரு வழக்கைக் கண்டுபிடிக்க நாய் படாத பாடு பட்டேன். அதை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது.

லியோனா மட்டுசாவேஜ் எனக்கு அடுத்த வீடு. அடுத்த வீடு என்றால் ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். பென்சில்வேனியாவின் இந்த நிலக்கரி மலைகளில் சுரங்கக் கம்பெனிக்காரன் எல்லா வீட்டையும் இப்படி ஜோடி ஜோடியாகத்தான் கட்டிவிட்டுப் போனான். அவள் பக்கம் தும்மினால் என் பக்கத்திலிருந்து நான் 'கடவுள் காப்பாத்தட்டும்' என்பேன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சட்டைத் தொழிற்சாலைக்குக் காலர் தைக்கப் போனாள். அதை இழுத்து மூடியதும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போய், ஊரில் பாதிப் பேருக்குச் சின்ன வயதில் மதியச் சோறு போட்டது அவள்தான். கணவன் எட்டி லாரி ஓட்டினான், நெஞ்சு வலியில் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பொய் சொல்ல வராது. நல்ல குணம் என்று நீங்கள் நினைக்கலாம், பக்கத்து வீட்டில் இருந்து பாருங்கள். என் கல்யாணத்தன்று கோயில் படியில் நின்றுகொண்டு, என் கவுனைப் பார்த்து, "தோள்பட்டையைத் தப்பா வெட்டிட்டான் மார்லின், ஒரு பக்கம் தூக்குது" என்றாள். தூக்கத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லித்தான் ஆகவேண்டுமா? புதிதாக வந்த ஃபாதர் பிரசங்கம் எப்படி என்று தெரியாத்தனமாக அவளைக் கேட்டுவிட்டு, ஒரு மாதம் அவள் முகத்தைப் பார்க்காமல் பூசை வைத்தார்.

போன குளிர்காலத்தில் அவளுடைய தம்பி மகள் கிறிஸ்டல் செத்துப்போனாள். முதலில் வலி மாத்திரை, பிறகு போதை ஊசி. எங்கள் மலையில் இந்தக் கதையை யாரும் முழுதாகச் சொல்லிக் கேட்பதில்லை. கிறிஸ்டலுக்கு ஐந்து வயதில் பிரின்லி என்று ஒரு பெண். கவுண்டியின் குழந்தை நல அலுவலகம் அவளை வெகு தூரத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டிருந்தது. லியோனா சனிக்கிழமை தவறாமல் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தானே வளர்க்கிறேன் என்று மனுவும் கொடுத்தாள். மாடியறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, கட்டிலும் வாங்கிப் போட்டாள்.

பதில் வந்தது. அவள் பெயரில் இந்தக் கவுண்டியில் முடிவடையாத குற்ற வழக்கு ஒன்று இருக்கிறதாம். அது தீராமல் மனுவைப் பரிசீலிக்க முடியாதாம். அந்தச் சமயம் பார்த்து வளர்ப்புக் குடும்பமும் வட கரோலினாவுக்குக் குடிபோவதாகவும், பிரின்லியைக் கூடவே கூட்டிப்போக அனுமதி கேட்டிருப்பதாகவும் தெரிந்தது. விசாரணை மாதக் கடைசியில். அதற்குள் லியோனாவின் பெயர் சுத்தமாகாவிட்டால் குழந்தை போய்விடும்.

"வழக்கா? என் பேர்லயா?" என்று என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "கார் தப்பா நிறுத்தினேன்னு ஒரு சீட்டுக்கூட வாங்கினதில்லடி நான்."

"யாரையாவது அடிச்சியா?"

"எட்டியைத் துடைப்பத்தால ஒரு தடவை அடிச்சேன். அவன் கேஸ் போடல."

அலுவலகத்துக்குப் போன் போட்டோம். எடுத்த பெண்ணின் குரலில் தேன் ஒழுகியது. "வழக்கு எண்ணை நாங்க சொல்ல முடியாதுங்க மேடம். அது ரகசியத் தகவல்."

"என் கேஸோட நம்பர் எனக்கே ரகசியமா?" என்றாள் லியோனா.

"உங்க கேஸ்தானே மேடம். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

போனைப் பிடுங்கி நான் நாலு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

சரி, எண் இல்லாவிட்டால் பெயர் இருக்கிறதே. கோர்ட்டு வழக்குகளைத் தேட மாநிலமே ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறது. கவுண்டியைத் தேர்ந்தெடுத்து, குடும்பப் பெயரை முதலிலும் சொந்தப் பெயரை அடுத்தும் அடித்தால் வழக்குகள் வரிசையாக வந்து விழும். ஊர்க்காரர்கள் வம்புக்காகவே அதில் பொழுது போக்குவார்கள். மட்டுசாவேஜ், லியோனா என்று அடித்தேன். ஒன்றும் இல்லை. அதனால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. லித்துவேனியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் சுரங்கத்துக்கு வந்து இறங்கியவர்களின் பெயரை ஐரிஷ் மேஸ்திரி தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்த ஊர் இது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள் கல்லறையில் மூன்று எழுத்துக்கூட்டலில் படுத்திருப்பார்கள். ஆகவே மட்டுசாவிச், மட்டுசெவிச், மட்டுசாவிட்ஜ் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தேன். எவனோ ஒரு மட்டுசெவிச் உரிமம் இல்லாமல் மான் சுட்டிருந்தான், அவ்வளவுதான் கிடைத்தது.

மறுநாள் கோர்ட்டுக்கே போனோம். எனக்கென்ன, தினமும் போகும் இடம்தானே என்று தெம்பாகத்தான் போனேன். ஆனால் நான் உட்காருவது பத்திர அறையில். பத்திரக்காரிக்கு வழக்கு ஜன்னலில் மரியாதை கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் ஜன்னலுக்குப் பெயர் புரோத்தோனோட்டரி. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாய் சுளுக்கிக்கொள்ளும். வெறும் தலைமைக் கிளார்க்கு என்று பெயர் வைத்தால் இவர்களுக்குக் கிரீடம் இறங்கிவிடும் போலிருக்கிறது.

"இங்க சிவில் மட்டும்தாங்க. சொத்து, விவாகரத்து, நஷ்ட ஈடு," என்றார் அந்த ஆள். "கிரிமினல்னா எதிர் ஜன்னல்."

எதிர் ஜன்னலில் இருந்த அம்மாள் பெயரைக் கேட்டாள், தட்டினாள், உதட்டைப் பிதுக்கினாள். "இந்தப் பேர்ல கேஸ் எதுவும் இல்லையே."

"இருக்குன்னு குழந்தைகள் ஆபீஸ்ல சொல்றாங்க," என்றேன்.

"அப்ப அவங்களைத்தான் கேக்கணும்."

"அவங்க உங்களைக் கேக்கச் சொல்றாங்க."

"நான் இல்லைன்னு சொல்லிட்டேனே."

அப்படியானால் இல்லை என்றே எழுதி முத்திரை குத்திக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு லியோனா குழந்தை நல அலுவலகத்துக்கு நேரில் போனாள். தேன் ஒழுகும் பெண் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க ஸ்க்ரீன்ல இன்னும் இருக்கு மேடம். பிறந்த தேதியோட ஒத்துப்போகுது," என்றாளாம். வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டு லியோனா ஸ்டீயரிங்கைக் குத்தோ குத்தென்று குத்தினாள். ஹாரன் வேறு அலறியது.

இரண்டு நாள் கழித்து, பின்புறக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏன்டி, ஒரு தடவை ஸ்குவயர்கிட்ட போனோமே, அது கணக்குல வருமா?"

ஸ்குவயர் என்பது ஊர் நீதிபதி. சட்டத்தில் அந்தப் பெயர் எப்போதோ ஒழிந்துவிட்டது. எங்கள் வாயிலிருந்துதான் இன்னும் போகவில்லை. சின்னச் சின்னக் குற்றத்துக்கெல்லாம் முதல் படி அவர்தான். அந்தக் காலத்தில் கிரிஃபித் என்ற கிழவர் தன் சவப்பெட்டிக் கடையின் முன்னறையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்.

"எப்ப போன? எதுக்குப் போன? இதை இவ்வளவு நாளா எங்கடி வச்சிருந்த?"

"அது பெர்னடீன் விஷயம். அதான் அன்னைக்கே கை குலுக்கி முடிஞ்சு போச்சே."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் மலையில் அப்போது யாரும் யார் மீதும் புகார் எழுதிக் கொடுக்கலாம், போலீஸ்கூட வேண்டாம். வெள்ளிக்கிழமை கோபத்தில் எழுதிக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கிரிஃபித் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "கை குடுத்துக்கோங்க, வீட்டுக்குப் போங்க" என்பார். குலுக்கிவிட்டு வந்துவிடுவார்கள். வழக்கு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். முடிந்ததை யாராவது எழுதினார்களா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கிரிஃபித்துக்கும் எழுதத் தோன்றவில்லை.

என்ன நடந்தது என்று லியோனா சொன்னாள். 1987 ஜூலை, புனித காசிமிர் கோயில் திருவிழா. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கும் பிளீனிக் கடையில் லியோனாவும் பெர்னடீன் ஹுடாக்கும் அடுத்தடுத்த அடுப்பு. மாவில் வெங்காயம் போதவில்லை என்று லியோனா சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் இருப்பாளா? இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. பெர்னடீன் கோபத்தில் விருட்டென்று திரும்பியவள், தரைப் பலகையில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கிக் கொதிக்கும் சட்டிமேல் கையை ஊன்றிவிட்டாள். முழங்கை வரை வெந்துபோனது. லியோனா பிடித்துத் தள்ளினாள் என்று புகார் கொடுத்துவிட்டாள்.

"நீ தள்ளினியா?"

"நான் அவ பக்கத்துலகூட நிக்கலடி. கரண்டி எடுக்கக் குனிஞ்சிருந்தேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

கிரிஃபித் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய பகுதியைப் பக்கத்து ஊர் நீதிபதியோடு இணைத்துவிட்டார்கள். அந்த அலுவலகம் இப்போது மருந்துக் கடைக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் கைலா என்று ஒரு சின்னப் பெண். பழைய வழக்கு என்றதும் கையை விரித்தாள். முடிந்த வழக்குகளின் காகிதங்களை வருஷக்கணக்குப்படி கிழித்துப் போட்டுவிட்டார்களாம். முடியாதவற்றை மட்டும் கணினி வந்தபோது ஏற்றி வைத்திருக்கிறார்களாம். நன்றாக இருக்கிறது நியாயம். ஒழுங்காக முடித்திருந்தால் சுவடே இருந்திருக்காது.

கைலா மட்டுசாவேஜ் என்று தட்டினாள். வரவில்லை.

"பிறந்த தேதியை வச்சுத் தேடிப் பாரும்மா," என்றேன்.

"அது பொதுமக்களுக்குச் செய்யக் கூடாதுங்க. போலீஸும் மத்த ஆபீஸும் கேட்டாத்தான்."

"இவ பிறந்த தேதியை இவளே குடுக்கறாளே!"

"ரூல் அப்படிங்க மேடம். என்கிட்டக் கத்தாதீங்க, நானா எழுதினேன்?"

பாவம், அவள் எழுதவில்லைதான். நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். பத்திரத்தில் விற்றவன் பெயர் கிடைக்காவிட்டால் வாங்கியவன் பெயரில் தேடுவோம். அந்த ஞாபகம் அப்போதுதான் வந்தது. புகார் கொடுத்தவள் பெயரை வைத்துத் தேட முடியுமா என்று கேட்டேன். அதற்கு ரூல் தடை எதுவும் இல்லையாம். ஹுடாக், பெர்னடீன். உடனே வந்து விழுந்தது.

கைலா திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். எதிராளியின் பெயர்: சாவேஜ், லியோனா மட்டு.

கணினியில் ஏற்றிய புண்ணியவான் மட்டுசாவேஜை இரண்டாக வெட்டியிருக்கிறான். மட்டு என்பது நடுப்பெயராம், சாவேஜ் என்பது குடும்பப் பெயராம். லியோனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "சாவேஜ்னா காட்டுமிராண்டி. இத்தனை வருஷமா கவர்ன்மென்ட் கணக்குல நான் காட்டுமிராண்டி லியோனா." சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

வழக்கு முடிய இரண்டு வழி என்றாள் கைலா. ஒன்று, முறையாக விசாரணை கேட்பது. அதற்கு அடுத்த மாதம்தான் தேதி. இன்னொன்று, புகார் கொடுத்தவர் நேரில் வந்து தனக்குத் திருப்தி என்று நீதிபதி முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போடுவது. சட்டத்திலேயே அந்தச் சொல்தான் இருக்கிறதாம், திருப்தி. பாதிக்கப்பட்டவர் திருப்தியடைந்தால் வழக்கைத் தள்ளிவிடலாம். வரும் வியாழக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கித் தர முடியும் என்றாள். பெயரையும் அப்போதே திருத்தித் தருவதாகச் சொன்னாள், நல்ல பெண்.

பெர்னடீன் இப்போது முதியோர் அடுக்குமாடியில் இருக்கிறாள். நாங்கள் போனபோது தனியாக மேசையில் சீட்டுப் பரப்பி ஆடிக்கொண்டிருந்தாள். ஒரே கோயில், ஒரே பூசை, ஆனால் அந்தத் திருவிழாவுக்குப் பிறகு இவர்கள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்ததில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். பிரின்லியைப் பற்றியும் சொன்னேன். அவள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஆக, இப்ப என்னால காரியம் ஆகணும். ஆமாவா இல்லையா?"

"ஆமா," என்றாள் லியோனா.

பெர்னடீன் ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினாள். முழங்கை வரை தோல் சுருங்கி, வெளுத்துப்போய் இருந்தது. "கோடையிலகூட நான் அரைக்கை போட்டதில்ல. கிரிஃபித் கை குலுக்குன்னான், குலுக்கினேன். நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டியா?"

"உன் கை வெந்ததுக்கு எனக்கு வருத்தம்தான், பெர்னடீன். அன்னைக்கும் வருத்தம்தான்."

"வருத்தம் யாருக்கு வேணும்? தள்ளினதுக்கு மன்னிப்புக் கேளு. இங்க இல்ல, அங்க ஜட்ஜு முன்னாடி. அப்ப எனக்குத் திருப்தி."

"நான் தள்ளலையே."

"அப்ப கதவைச் சாத்திக்கிட்டுப் போ. குளிர் உள்ள வருது."

லியோனா கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். மின்தூக்கியில் நான் பெர்னடீனைத் திட்டித் தீர்த்தேன். பிறகு இவளையும் திட்டினேன். ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்தால் என்ன? வாயில் முத்தா உதிரும்?

"அவளும் நானும் மட்டும் இருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ," என்றாள் லியோனா. "எழுதி வைப்பாங்கடி அங்க."

அந்தச் சனிக்கிழமை பிரின்லியைப் பார்க்க நானும் கூடப் போனேன். வளர்ப்புக் குடும்பத்தை வாயார வையலாம் என்றால் அதற்கும் வழியில்லை, தங்கமான மனிதர்கள். குழந்தைக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பெட்டிகளெல்லாம் கட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "லியோ, நாங்க போற ஊர்ல கடல் இருக்காம். அங்கேயும் நீ சனிக்கிழமை வருவியா?" என்று கேட்டது.

வேறு யாராக இருந்தாலும் வருவேன் கண்ணு என்று சொல்லியிருப்பார்கள். லியோனாவுக்கு அது வராது. "அவ்வளவு தூரம் என் கார் வராதுடா தங்கம்," என்றாள். குழந்தை பெட்டியிலிருந்து இறங்கி, அவள் மடியில் ஏறிக்கொண்டு, கிளம்பும்வரை இறங்கவே இல்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் லியோனா சொன்னாள். "வியாழக்கிழமை அவளை வரச் சொல்லு."

வியாழக்கிழமை பெர்னடீன் நல்ல கோட்டும் உதட்டுச் சாயமுமாக வந்தாள். எழுபதை நெருங்கும் இரண்டு பெண்கள், அவர்கள் மகன் வயதில் ஒரு நீதிபதி. இந்த வழக்கு நடந்தபோது அந்தப் பையன் பிறந்திருந்தானா என்பதே சந்தேகம். கைலா தட்டச்சில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீதிபதி காகிதத்தைப் படித்துவிட்டு, "புகார்தாரருக்குத் திருப்திதானா?" என்றான்.

"இன்னும் இல்ல," என்றாள் பெர்னடீன். லியோனாவைப் பார்த்தாள்.

லியோனா எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தைதானே என்று சொன்னவள் நான்தான், ஆனால் அந்த நிமிஷம் அவள் சொல்லக் கூடாது என்று இருந்தது.

"பெர்னடீன், அன்னைக்கு உன்னைத் தள்ளினதுக்கு என்னை மன்னிச்சிரு."

"என்ன? கேக்கல."

"உன்னை நான் தள்ளினேன். மன்னிச்சிரு!" சத்தமாகவே சொன்னாள். வெளியே பீட்சாவுக்கு நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

பெர்னடீன் தலையை மெல்ல ஆட்டினாள். "எனக்குத் திருப்தி," என்றாள். கையெழுத்துப் போட்டாள். கைலாவின் விரல்கள் ஓடின. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முத்திரை குத்திய நகலை லியோனா பையில் வைத்துக்கொண்டாள்.

நடைபாதையில் பெர்னடீனுக்குக் கோட்டுப் பொத்தான் மாட்ட வரவில்லை. அந்தக் கை சரியாக மடங்காது. லியோனாதான் குனிந்து மாட்டிவிட்டாள். அப்போது பெர்னடீன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பலகையெல்லாம் எண்ணெய் கிடந்துச்சு அன்னைக்கு. ஆமாவா இல்லையா?"

"ஆமா," என்றாள் லியோனா.

"ஒரே வழுக்கல்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இது உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா அவளை அங்க நிக்க வச்ச? வா உள்ள. இப்பவே வந்து இதை ஜட்ஜுகிட்டச் சொல்லு!"

பெர்னடீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லியோனா என் கையை அழுத்திப் பிடித்தாள். "சும்மா இரு மார்லின். உள்ள போனா மறுபடி விசாரணைம்பான், தேதிம்பான். ஆபீஸ் மூடறதுக்குள்ள இந்தக் காகிதத்தைக் குடுக்கணும். காரை எடு."

குழந்தை நல அலுவலகத்தில் தேன் ஒழுகும் பெண் காகிதத்தின் மேல் ஓரத்தை மட்டும் பார்த்தாள். 'முடிந்தது' என்று இருந்தது. அது போதுமாம். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படிக்கவே இல்லை. மாதக் கடைசி விசாரணையில் எங்கள் பக்கம் தீர்ப்பானது. பிரின்லி வந்துவிட்டாள். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கக் குதிக்கிற சத்தம், என் அலமாரியில் பீங்கான் தட்டெல்லாம் ஆடுகிறது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு நாள் வேலைக்கு நடுவில் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து மட்டுசாவேஜ், லியோனா என்று அடித்தேன். அன்றைக்கு எத்தனை விதமாகத் தட்டியும் வராத பெயர், எழுத்துப் பிசகாமல் முதல் வரியிலேயே வந்து நின்றது. கைலா சொன்னபடியே திருத்தியிருக்கிறாள். அதன் கீழே: எதிராளி செயலை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார்; புகார்தாரர் திருப்தி; வழக்கு முடிந்தது. காட்டுமிராண்டி என்ற பெயரில் கிடந்தவரைக்கும் அது ஊரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சாயங்காலம் போய் லியோனாவிடம் சொன்னேன். பெர்னடீனிடம் உண்மையை எழுதி வாங்கலாம், வக்கீல் ஒருவர் எனக்குக் கடமைப்பட்டிருக்கிறார், இப்படியே விடக் கூடாது என்று ஒரு பாட்டம் கத்தினேன். அவள் முட்டைக்கோஸ் இலைக்குள் இறைச்சியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிரின்லி மேசைக்கு அடியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் கொடுத்த அட்டையைப் பார்த்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளைக் கிளறாத," என்றாள் லியோனா. "கை அப்படி ஆனவ. அவளுக்கும் யார் மேலயாவது பழியைப் போட்டாகணும்."

"ஊர்ல பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"ஊரை விடு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இவ படிக்கக் கத்துக்கிறா. ஒருநாள் என் பேரை அதுல தட்டிப் பார்ப்பா, எல்லாப் பிள்ளைங்களும் பார்க்கறதுதானே. 'லியோ, நீ நிஜமாவே அவங்களைத் தள்ளினியா'ன்னு கேப்பா. இல்லைன்னு சொன்னா, அப்ப ஜட்ஜுகிட்டப் பொய்யா சொன்னன்னு கேப்பா. அதுக்கு என்னடி சொல்லட்டும்?"

மேசைக்கு அடியிலிருந்து பிரின்லி, தான் படித்தது சரிதானா என்று லியோனாவைக் கேட்டாள். லியோனா குனிந்து பார்த்தாள்.

"இல்லடா," என்றாள். "கடைசி எழுத்தைத் தப்பாப் படிச்சிட்ட. மறுபடி படி."